சத்தம் நின்றால் மாடு வரும்

எங்கள் பறக்கும் கிளப்பில் கௌரவச் செயலாளர் என்று ஒரு பதவி இருந்தது. அதில் கௌரவம் எங்கே இருக்கிறது என்பது கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை. வார நாட்களில் மதுரையில் அரசாங்க உத்தியோகம். ஞாயிறோ பண்டிகை விடுமுறையோ வந்தால் மேலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, கொட்டாம்பட்டிப் பக்கம் போகும் பஸ்ஸைப் பிடித்து, நடுவில் ஒரு புளியமரத்தடியில் இறங்கி, வண்டிப்பாதையில் நடந்து அந்தப் புல்தரைக்குப் போய்ச் சேருவேன். ஒரு தகரக் கொட்டகை, அதற்குள் துணி போர்த்திய இரண்டு இருக்கை விமானம் ஒன்று, கம்பத்தில் காற்றின் திசை காட்டும் ஆரஞ்சு நிறக் காற்றுப்பை ஒன்று, ஓடுதளத்தின் இரண்டு பக்கமும் சுண்ணாம்பு அடித்த கற்கள். கிளப் என்பது இவ்வளவுதான். வானொலித் தொடர்பு கிடையாது. மேலே போன விமானத்துக்குக் கீழேயிருந்து ஏதாவது சொல்ல வேண்டுமானால் விளக்கைக் காட்டலாம், கையை ஆட்டலாம், அல்லது அது இறங்கும்வரை காத்திருக்கலாம். பெரும்பாலும் நாங்கள் மூன்றாவதைச் செய்தோம்.

கொட்டகைச் சுவரில் மாட்டியிருந்த கரும்பலகையில் கிளப் செய்தி எழுதுவதும் என் பொறுப்பு. இன்னார் முதல்முறையாகத் தனியே பறந்தார். பெட்ரோல் வரவில்லை, ஆகையால் யாரும் பறக்கவில்லை. காற்றுப்பை காணாமல் போய்விட்டது, கண்டவர்கள் தெரிவிக்கவும். காற்றுப்பையை நானே கண்டேன். பக்கத்து ஊர்க் களத்தில் நெல் உமியை அடைத்துக்கொண்டு, அதே ஆரஞ்சு நிறத்தில், ஒரு திண்டாகக் கிடந்தது. அதன் மேல் ஒருவர் சாய்ந்து உறங்கிக்கொண்டிருந்தார். எழுப்பிக் கேட்க மனம் வரவில்லை. 'புதிய காற்றுப்பை தைக்கக் கொடுக்கப்பட்டுள்ளது' என்று பலகையில் எழுதினேன்.

எனக்கு விமானம் ஓட்டத் தெரியாது. இளம் வயதில் விமானப்படையில் தரைப்பணியில் இருந்தவன். ஓட்டுகிறவர்கள் என்னென்ன செய்யக்கூடாது என்பது மட்டும் எனக்கு முழுமையாகத் தெரியும். விதிப் புத்தகத்தில் பத்தி எண்ணைச் சொன்னால் வாசகத்தைச் சொல்வேன். வாசகத்தைச் சொன்னால் அதற்கு வந்த திருத்தத்தைச் சொல்வேன். இப்படிப்பட்ட ஆள் எல்லாக் கிளப்பிலும் ஒருவர் இருப்பார். அவரைக் கண்டால் மற்றவர்கள் டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

அப்பேர்ப்பட்ட என் கண் முன்னாலேயே எங்கள் ஓடுதளத்தில் மாடு மேய்ந்தது. விதிப்படி விமானத் தளத்துக்குள் கால்நடை கூடாது. ஆனால் புல் வெட்டும் இயந்திரம் எங்களிடம் இல்லை. மழைக்குப் பிறகு புல்லை விட்டுவைத்தால் முழங்காலைத் தொடும், சக்கரம் சிக்கும். ஆகவே ஆண்டுதோறும் புல்லை ஏலம் விட்டோம். பக்கத்து ஊர் அம்மாள் ஒருத்தியே ஒவ்வொரு முறையும் ஏலம் எடுப்பாள். அவளுடைய மாடுகள், அவள் கொழுந்தன் வீட்டு மாடுகள், சம்பந்தி வீட்டு மாடுகள் எல்லாம் சேர்ந்து வரும். மேலிடத்துக்கு அனுப்பும் ஆண்டறிக்கையில் 'ஓடுதளத்தின் புல் இயற்கை முறையில் பராமரிக்கப்படுகிறது' என்று எழுதினேன். எந்த முறை என்று யாரும் கேட்கவில்லை.

மாட்டை ஓட்டுவதற்கு ஒரு வழக்கம் தானாக உண்டாகியிருந்தது. கொட்டகையில் எஞ்சினைப் போட்டதும் மாடுகள் வடக்கு வரப்புக்குப் போய்விடும். விமானம் கிளம்பிக் கண்மறைந்து சத்தம் அடங்கியதும் திரும்ப வந்து மேயும். பறந்துவிட்டு வருகிறவர் ஓடுதளத்தின் மேலே ஒரு தடவை தாழ்வாக இரைந்துகொண்டு போவார். மாடுகள் மறுபடி வரப்புக்குப் போகும். விமானம் இறங்கி, கொட்டகைக்கு வந்து, எஞ்சின் நின்றதும் திரும்ப வரும். ஆரம்பத்தில் அந்த அம்மாள் கம்பை எடுத்துக்கொண்டு ஓடினாள். பிறகு அதற்கும் அவசியமில்லாமல் போனது. அவள் பாட்டுக்கு உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பாள்.

இப்போது டீச்சரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பசுமலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவர். செக்கானூரணிப் பக்கம் விவசாயக் குடும்பம். அவர் பறக்கக் கற்றுக்கொள்கிறார் என்பது அவர் வீட்டில் தெரியும், ஆனால் அதைப் பற்றி அங்கே யாரும் பேசுவதில்லை என்று ஒருமுறை சொன்னார். நாள் தவறாமல் விடிந்தும் விடியாமலும் வந்து, பறந்துவிட்டு, முதல் மணி அடிப்பதற்குள் பசுமலைக்கு ஓடுவார். தனிநபர் விமானி உரிமம் கையில் கிடைத்தால், தொழில்முறை விமானிப் பயிற்சிக்கான அரசாங்க உதவித்தொகைக்கு மனுப் போடலாம். அதற்கு வயது வரம்பு உண்டு. அவருக்கு அந்த வருடம்தான் கடைசி. அந்த வருடம் உரிமம் வராவிட்டால் ஆயுசுக்கும் பசுமலையில் நெம்புகோல் தத்துவம்தான். இதை அவர் யாரிடமும் புலம்பிச் சொன்னதில்லை. ஆனால் கிளப்பில் எல்லோருக்கும் தெரியும்.

உரிமம் கொடுக்க மெட்ராஸிலிருந்து தேர்வு அதிகாரி வரவேண்டும். ஐப்பசியில் வருவதாக இருந்தது, மழை. கார்த்திகையில் வருவதாக இருந்தது, அவருக்குக் காய்ச்சல். மார்கழியில் ஏன் வரவில்லை என்று இன்றுவரை தெரியாது. ஒவ்வொரு தடவையும் டீச்சர் காலையிலேயே வந்து விமானத்தைச் சுற்றிச் சுற்றி நடப்பார், இறக்கையின் துணியைத் தட்டிப் பார்ப்பார், பொழுது சாய்ந்ததும் போய்விடுவார். கடைசியில் தையில், பொங்கல் விடுமுறை முடிவதற்குள் ஒரு நாள் வருவதாகத் தந்தி வந்தது. அன்று இரவே ரயிலேறித் திரும்பிவிடுவாராம். உதவித்தொகை மனுவுக்குக் கெடு முடிவதற்குள் அவர் இன்னொரு தடவை வரப்போவதில்லை.

அன்று காலை முதல் எனக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. தேர்வின் கடைசிப் பகுதிக்காக ஓடுதளத்தின் நடுவில் சுண்ணாம்பால் ஒரு வட்டம் போட்டேன். போட்டது கோணலாகத் தெரிந்தது, அழித்துப் போட்டேன். மழைக்குப் பிறகு புல் செழித்து நின்ற இடம் அது. அப்புறம் ஏலக்கார அம்மாளிடம் போனேன்.

"ஏம்மா, இன்னைக்குப் பெரிய அதிகாரி வாராரு. மத்தியானம் வரைக்கும் ஒரு மாடுகூட உள்ள தெரியக் கூடாது."

"மத்தியானம் வரைக்குந்தானே? கண்மாய்க்கு அங்கிட்டு ஓட்டிட்டுப் போறேன். ஏன் சார், அவரு மாட்டப் பாத்ததே இல்லையாக்கும்?"

"பாத்திருப்பாரு. ஏரோப்பிளேனோட சேத்துப் பாத்திருக்க மாட்டாரு."

மத்தியானம் வந்தது. அதிகாரி வரவில்லை. டீச்சர் கொண்டுவந்திருந்த எலுமிச்சைச் சாதப் பொட்டலத்தைப் பிரித்து, ஒரு வாய்கூட வைக்காமல் திரும்பக் கட்டினார். எங்கள் பயிற்சியாளர் விமானப்படையிலிருந்து ஓய்வு பெற்று வந்தவர், சொந்த ஊர் திருமங்கலம், எதற்கும் பதறாத மனிதர். அவர் தம்முடைய புல்லட் மோட்டார் சைக்கிளைப் பிரித்துத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, செத்த உக்காருங்க. நீங்க நடக்கிற நடைக்கு நம்ம ஓடுதளம் தேஞ்சிரும்."

"காத்து திரும்புதுய்யா. பாருங்க, பை எப்படி ஆடுதுன்னு."

"பைன்னா ஆடத்தான் செய்யும்."

டீச்சர் சிரிக்கவில்லை. காற்றுப்பையை ஒருமுறை பார்த்துவிட்டு வண்டிப்பாதையைப் பார்த்தார். கேட்டால் பதில் தெரிந்துவிடுமோ என்று பயப்படுகிறவர்போல, அதிகாரியைப் பற்றி அவர் எங்களிடம் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

பொழுது மேற்கே சாய்ந்த பிறகுதான் வாடகை அம்பாசடர் ஒன்று தூசியைக் கிளப்பிக்கொண்டு வந்தது. அதிகாரி இறங்கினார். இஸ்திரி கலையாத சட்டை, கையில் அட்டை, அட்டையில் செருகிய தாள். என்னைப் போன்ற ஆள் என்று பார்த்த உடனே தெரிந்துவிட்டது, எனக்குக் கொஞ்சம் பயமாகவும் இருந்தது. முதல் வார்த்தையே, "ஏழரைக்குள்ள நான் மதுரை ஸ்டேஷன்ல இருக்கணும்" என்பதுதான்.

அதே நேரத்தில் கண்மாய்ப் பக்கமிருந்து மாடுகள் வந்தன. மாட்டுப் பொங்கலுக்குத் தீட்டிய கொம்பெல்லாம் சிவப்பும் நீலமுமாக. நான் ஓடினேன்.

"என்னம்மா இது!"

"மத்தியானம் வரைக்கும்னுதானே சொன்னீக? மத்தியானம் போயி எம்புட்டு நேரமாச்சு. அதுகளும் வகுறு காய வேணாமா?"

"அவரு இப்பத்தானே வந்து இறங்குறாரு!"

"அதுக்கு நா என்ன சார் செய்ய? சரி, வரப்புல நிக்கட்டும். ஏரோப்பிளேன் சத்தம் கேக்குற வரைக்கும் அதுக இங்கிட்டு எட்டிக்கூடப் பாக்காதுக. உங்களுக்குத் தெரியாததா?"

எனக்குத் தெரிந்ததுதான். சரி என்றேன்.

அந்தக் காலத்துத் தேர்வில் அதிகாரி விமானத்தில் ஏறமாட்டார். தரையில் நின்று பார்ப்பார். முதலில் இரண்டு அடையாளங்களைச் சுற்றி எட்டுப் போட வேண்டும். டீச்சர் கல்லுடைக்கிற பாறையையும் தண்ணீர் வழியும் கண்மாய்க் கலுங்கையும் வைத்துக்கொண்டு, சைக்கிளில் எட்டுப் போடுகிற மாதிரி அலட்டாமல் போட்டார். அதிகாரி தாளில் ஏதோ குறித்தார். எஞ்சின் இரைந்துகொண்டிருந்தது, மாடுகள் வரப்பில் நின்றன. எல்லாம் புத்தகத்தில் இருக்கிறபடி நடந்தது.

அடுத்ததுதான் வட்டம். நல்ல உயரத்துக்கு ஏறி, தளத்தின் மேலே வந்ததும் எஞ்சினை அடக்கிவிட வேண்டும். அதற்குப் பிறகு அதைத் தொடாமல், பருந்து இறங்குவதுபோல மிதந்து இறங்கி, சுண்ணாம்பு வட்டத்துக்குள் சக்கரத்தை வைக்க வேண்டும். நடுவில் எஞ்சினைக் கூட்டினால் முயற்சி செல்லாது. டீச்சர் இதை எத்தனையோ தடவை செய்து பழகியவர். ஆனால் அவர் பழகியதெல்லாம் விடியற்காலையில். மாடுகள் அப்போது தொழுவத்தில் பால் கொடுத்துக்கொண்டிருக்கும். இந்த ஒன்றை எங்களில் யாரும் யோசிக்கவில்லை.

உயரத்தில் சிறு புள்ளியாகத் தெரிந்த விமானத்தின் சத்தம் சட்டென்று நின்றது. மைதானம் அமைதியானது. வரப்பில் இருந்த மாடுகள் தலையைத் தூக்கின. சத்தம் நின்றால் பறப்பு முடிந்தது, மேய்ச்சலுக்குத் திரும்பலாம் என்பதுதான் இத்தனை வருடமாக நாங்கள் அவற்றுக்குக் கொடுத்திருந்த பாடம். முதலில் நீலக் கொம்பு வைத்த ஒரு காரிப் பசு, அதன் பின்னால் ஒரு செவலை, பிறகு எல்லாம் வரிசையாக, நல்ல புல் இருக்கிற இடத்தைத் தேடி என் வட்டத்துக்கு வந்து சேர்ந்தன.

"ஏய், ஹை, ஹை!" ஏலக்கார அம்மாள் கம்போடு ஓடினாள். அவள் ஓடி எத்தனையோ வருடமாகிவிட்டது. மாடுகள் அவளைப் பார்த்துவிட்டுப் புல்லைத் தின்றன.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "மிஸ்டர் செகரட்டரி, இது என்ன?"

'இயற்கை முறையில் பராமரிப்பு' என்று சொல்லும் தைரியம் வரவில்லை.

டீச்சர் இறங்கி வந்தார். நேராக, சரியாக, வட்டத்தைக் குறிவைத்து. கடைசி நேரத்தில் எஞ்சின் அலறியது. விமானம் மாடுகளின் முதுகுக்கு மேலே உறுமிக்கொண்டு எழும்பியது. மாடுகள் பதறவில்லை, ஓடவில்லை. வந்த வரிசையிலேயே திரும்பி வரப்புக்குப் போய் நின்றன.

"எஞ்சினைத் தொட்டுட்டாங்க. அட்டெம்ப்ட் ஓவர்" என்றார் அதிகாரி, தாளில் பேனாவை வைத்தபடி.

அவர் எழுதுவதற்குள் நான் பேசினேன். தேர்வுக்கு வந்தவருக்குச் சம்பந்தமில்லாத காரணத்தால் இறங்கும் இடம் மறிக்கப்பட்டால் அந்த முயற்சி கணக்கில் வராது, அன்றைக்கே மறுமுறை செய்யலாம் என்று பத்தி எண்ணோடு சொன்னேன். எத்தனையோ வருடமாக யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் பத்தி எண் சொல்லிக்கொண்டிருந்தவன். அது ஒருவருக்குப் பயன்படப்போவது அன்றைக்குத்தான் முதல்முறை.

"அந்தப் பத்தி எனக்கும் தெரியும் சார். தளம் காலியா இருந்தாத்தான் மறுமுறைன்னு அதுக்கு அடுத்த வரியிலேயே இருக்கு."

"காலியாத்தானே இருக்கு. பாருங்க."

"இப்ப இருக்கு. சத்தம் நின்னா வந்துடுமே?" பார்த்த ஒரு தடவையிலேயே அவர் புரிந்துகொண்டுவிட்டார். "வெளிச்சம் போயிட்டிருக்கு. எனக்கு ரயிலும் இருக்கு."

இதற்குள் டீச்சர் இறங்கி, எஞ்சினை நிறுத்தாமல் எங்கள் பக்கம் ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். கதவைத் திறந்து, அந்த இரைச்சலுக்கு மேலே கத்தினார்: "இன்னொரு தடவை உண்டா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க சார்!"

அவர் கை எஞ்சின் பிடியிலேயே இருந்தது. அதை விட்டால் மாடு வந்துவிடும் என்று அவருக்கும் தெரிந்துவிட்டது.

மாடுகளை இன்னும் தூரமாக விரட்டலாம் என்று பயிற்சியாளர் புல்லட்டைக் கிளப்பிக்கொண்டு வரப்புக்குப் போயிருந்தார். போனவர் அங்கிருந்து இரண்டு கையையும் ஆட்டினார். நான் மூச்சிரைக்க ஓடிப்போனேன்.

"அண்ணே, இந்தா பாருங்க." புல்லட்டை முறுக்கினார். மாடுகள் அசையாமல் நின்றன. "இதையும் ஏரோப்பிளேன்னு நெனச்சுக்கிருச்சுக! நா இங்கன நின்னு முறுக்கிக்கிட்டே இருக்கேன். அந்த ஆளுகிட்டப் பேசி ஒத்துக்க வைங்க, போங்க."

திரும்ப ஓடினேன். அதிகாரி கேட்டுவிட்டு, "தேர்வு நடக்கும்போது தளத்துக்குப் பக்கத்துல மோட்டார் சைக்கிள். இது எந்த விதியில சார் இருக்கு?" என்றார்.

"எந்த விதியிலயும் இல்ல சார். கூடாதுன்னும் எதுலயும் இல்ல."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் புத்தகத்தை மனத்துக்குள் புரட்டிக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தது. நானும் புரட்டிக்கொண்டிருந்தேன், எங்கேயாவது ஓர் அடிக்குறிப்பு கிடந்துவிடக் கூடாதே என்று. கடைசியில் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "ஒரே ஒரு தடவை" என்றார்.

டீச்சர் மறுபடி மேலே போனார். ஏறுகிற நேரம் நீண்டுகொண்டே போனது. அழகர் மலைப் பக்கம் வெயில் மஞ்சளாகிவிட்டது. நான் கொட்டகைக்கும் கம்பத்துக்கும் நடுவில் நடந்தேன். அதிகாரி நின்ற இடத்திலேயே பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினார். மேலே சத்தம் அடங்கியது. வரப்பில் புல்லட் டப டபவென்று அடித்துக்கொண்டிருந்தது. மாடுகள் நின்றன.

விமானம் பாதித் தூரம் இறங்கியிருக்கும். புல்லட் இருமியது. இரண்டு தடவை இருமி நின்றேபோனது. பயிற்சியாளர் உதைத்தார். மறுபடி உதைத்தார். எதற்கும் பதறாத மனிதர் பதறியதை அன்றைக்குத்தான் பார்த்தேன். நீலக் கொம்பு வைத்த அந்தக் காரி ஒரு காலை முன்னால் வைத்தது.

"பிடிம்மா அதை!" என்று கத்தினேன்.

"எதைன்னு சார் பிடிக்க, அம்புட்டும் வருது!"

எனக்குப் பின்னால் ஒரு குரல், நான் எதிர்பார்க்காத குரல், கிழிந்துபோகிற மாதிரிக் கத்தியது: "டிரைவர்! வண்டியை ஸ்டார்ட் பண்ணுய்யா! அங்க ஓட்டு! ரேஸ் பண்ணு, ரேஸ் பண்ணு!"

அம்பாசடர் அலறிக்கொண்டு வரப்பை நோக்கிப் பாய்ந்தது. அதிகாரி அட்டையை ஆட்டிக்கொண்டு பின்னாலேயே நாலு எட்டு ஓடினார். இஸ்திரிச் சட்டை வெளியே வந்துவிட்டது. காரி நின்றது. சற்று யோசித்தது. ஓடுதளத்தில் வைத்த காலைப் பின்னால் எடுத்துக்கொண்டது.

விமானம் எங்களைக் கடந்து, ஒரு பெருமூச்சு அளவுக்கே சத்தம் காட்டி, வட்டத்துக்குள் இறங்கியது. சுண்ணாம்புப் புகை கிளம்பியது. உள்ளேயா, கோட்டின் மேலா என்று எனக்குத் தெரியவில்லை. அதிகாரி நடந்து போய்க் குனிந்து பார்த்தார். நசுங்கிய புல்லில் சக்கரத்தின் தடம் உள்ளேதான் தொடங்கியிருந்தது. சட்டையை உள்ளே செருகிக்கொண்டு, தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு என்னிடம் காட்டினார். தேர்ச்சி. ஓடியதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

டீச்சர் கொட்டகைக்கு ஓட்டிவந்து எஞ்சினை நிறுத்தினார். இறங்கினார். தாளைப் பார்த்தார். "சரி சார்" என்றார். மத்தியானம் திரும்பக் கட்டிய எலுமிச்சைச் சாதப் பொட்டலத்தை எடுத்து, நின்றுகொண்டே, பசி எடுத்த பிள்ளை மாதிரிச் சாப்பிட ஆரம்பித்தார்.

அதற்குள் டிரைவரும் காரை நிறுத்திவிட்டான். எல்லாச் சத்தமும் நின்றது. மாடுகள் வந்தன. வரப்பிலிருந்து வந்தவை ஓடுதளம், வண்டிப்பாதை, காரின் முன்புறம் என்று எல்லா இடத்திலும் பரவி நின்றன. டிரைவர் எஞ்சினைப் போட்டுப் பார்த்தான். அவ்வளவு பக்கத்தில் ஒரு காரை மாடுகள் மதிக்கவில்லை.

"எனக்கு ரயில்!" என்றார் அதிகாரி.

"டீச்சரம்மா," என்றாள் ஏலக்கார அம்மாள், கம்பைக் கீழே போட்டுவிட்டு, "அதப் போடுங்க தாயி. இந்த மனுசன் ஊரு போயிச் சேரட்டும்."

டீச்சர் என்னைப் பார்த்தார். "உரிமம் கைக்கு வர்றதுக்கு முன்னாடி நான் மட்டும் தனியா எஞ்சினைப் போடலாமா சார்?"

பயிற்சியாளர் அனுமதித்தால் போடலாம், பத்தி எண் இன்னது என்றேன். பயிற்சியாளர் இன்னும் புல்லட்டை உதைத்துக்கொண்டிருந்தார். அங்கிருந்தே கையை ஆட்டினார்.

எஞ்சின் இரைந்தது. மாடுகள் வரிசை கட்டி வரப்புக்குப் போயின. அம்பாசடர் புழுதிக்குள் மறைந்தது. நான் போதும் என்று டீச்சருக்குச் சைகை காட்டினேன். அவர் நிறுத்தவில்லை. காலியாகக் கிடந்த ஓடுதளத்தையும் அதன் முனையில் கொஞ்சமாக மிச்சமிருந்த வெளிச்சத்தையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெட்ரோல் வீணாகிறது என்று செயலாளர் என்கிற முறையில் நான் சொல்லியிருக்க வேண்டும். அன்றைக்குச் சொல்லவில்லை. அந்த ஆனியில் அவர் உதவித்தொகை கிடைத்துப் பயிற்சிக்கு வடக்கே போனார். நான் பலகையில் எழுதினேன்.

அன்று ரொம்ப நேரம் கழித்துத்தான் டீச்சர் எஞ்சினை நிறுத்தினார். மாடுகள் வந்தன.